தாத்தா டப்பாவில் 43 சிகரெட் அட்டைகள்: அசலா, நகலா?

ராயபுரம்வாசி | ஞாயிறு, காலை 9:12

வணக்கம். இங்கே நாணயம், தபால்தலை ஆட்கள்தான் அதிகம் என்று தெரியும். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாததால் கேட்கிறேன்.

ராயபுரத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள். பரணைக் காலி செய்தபோது ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே சணல் கயிற்றில் கட்டிய சின்னச் சின்னப் பட அட்டைகள், மொத்தம் 43. அகலம் தீப்பெட்டி அளவு, நீளம் இன்னும் ஒரு விரற்கடை அதிகம். 31 அட்டைகளில் தலைப்பாகை கட்டிய சிப்பாய்கள். 8 அட்டைகளில் தொப்பி போட்ட கிரிக்கெட் வீரர்கள், அதில் ஒருவர் நம் ரஞ்சி. மீதி 4 அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்கள். வண்ணம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதுதான் ஆச்சரியம்.

தாத்தா 1904-ல் பிறந்தவர், 1990-ல் காலமானார். அவருடைய அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. படங்களை இணைத்திருக்கிறேன். என்ன விலை போகும் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். மைத்துனர் "கோடிக்கணக்கில் போகுமாம்" என்று எங்கோ படித்துவிட்டு என்னைவிடப் பரபரப்பாக இருக்கிறார்.

தீப்பெட்டி72 | ஞாயிறு, காலை 9:40

அடடா! வாழ்த்துகள். நான் தீப்பெட்டி லேபிள் ஆள். சிகரெட் அட்டை, அதாவது அந்தக் காலத்தில் சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்து வந்த பட அட்டை, என் வீதி இல்லை. ஆனால் பக்கத்து வீதி. லென்ஸ் ஐயா வரட்டும், அவர்தான் சொல்ல வேண்டும்.

மைத்துனர் படித்தது அமெரிக்க பேஸ்பால் அட்டையைப் பற்றி இருக்கும். ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் படம் போட்ட சிகரெட் அட்டை, 2022-ல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. உங்கள் டப்பாவில் அவர் இல்லை, எனவே மைத்துனரை உட்காரச் சொல்லுங்கள்.

லென்ஸ்தாத்தா | ஞாயிறு, காலை 11:05

தம்பி, 43 படம் போட்டிருக்கிறீர்கள், 43-ம் முன்பக்கம். பெண் பார்க்கப் போய் வாசல் கோலத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்த கதையாக இருக்கிறது. பின்பக்கத்தைப் போடுங்கள்.

சிகரெட் அட்டையில் முன்பக்கம் அழகு, பின்பக்கம்தான் ஜாதகம். எந்தக் கம்பெனி, எந்த பிராண்டு, எந்த நாட்டில் விற்றது, எந்தக் காலம், எல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1901-ல் அமெரிக்கப் புகையிலை முதலாளி டியூக் இங்கிலாந்துக்குள் நுழைந்தார். பயந்துபோன அந்த ஊர்க் கம்பெனிகள், பிரிஸ்டல் வில்ஸ், நாட்டிங்ஹாம் பிளேயர் எல்லாம் ஒன்றுசேர்ந்து இம்பீரியல் டொபாக்கோ ஆனார்கள். அடுத்த வருடமே சமாதானம். இங்கிலாந்து இவர்களுக்கு, அமெரிக்கா அவர்களுக்கு, மீதி உலகம் இருவரும் சேர்ந்து தொடங்கிய பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுக்கு. அந்த "மீதி உலகத்தில்" நாமும் அடக்கம். அதனால் 1902-க்குப் பிறகு இங்கிலாந்தில் விற்ற வில்ஸ் அட்டையின் பின்னால் அடியில் பொடி எழுத்தில் "இம்பீரியல் டொபாக்கோ கம்பெனியின் கிளை" என்று ஒரு வரி இருக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பிய அட்டையில் அந்த வரி இருக்காது. ஒரே கம்பெனி பெயர், சில சமயம் ஒரே படம், ஆனால் அடியில் ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதில் கதையே மாறிவிடும்.

பின்பக்கம் போடுங்கள், அப்புறம் பேசுவோம்.

நூலகப்பூனை | ஞாயிறு, மதியம் 12:31

புதியவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இணையத்தில் தேடும்போது "டிரேட் கார்டு" என்ற சொல் குழப்பும். அமெரிக்கர்கள் அப்படிச் சொல்வது 1870, 80-களில் கடைக்காரர்கள் கையில் கொடுத்த வண்ண விளம்பர அட்டைகளை. புகையிலை, சோப்பு, தையல் இயந்திரம் எல்லாவற்றுக்கும் உண்டு. பல அட்டைகள் பொதுப் படத்தோடு மொத்தமாக அச்சாகி, கீழே கடைப்பெயருக்கு இடம் காலியாக விடப்பட்டிருக்கும். நம்மூரில் முருகன் காலண்டரில் அடியில் மளிகைக் கடைப் பெயர் அச்சடிப்பது போலத்தான். பிரிட்டிஷ்காரர்களோ சிகரெட் தவிர மற்ற பொருளோடு வந்ததைத்தான் டிரேட் கார்டு என்பார்கள். புரூக் பாண்ட் தேயிலைப் பொட்டலத்தில் 1950-களிலிருந்து வந்த பட அட்டைகள் அந்த வகை.

ராயபுரம்வாசியிடம் இருப்பது இரண்டும் இல்லை, பாக்கெட்டுக்குள் வைத்து வந்தவை. அப்போது சிகரெட் பாக்கெட் மெல்லிய காகிதம். சட்டைப்பையில் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு விறைப்பான அட்டையைச் செருகினார்கள். சும்மா வெள்ளை அட்டை எதற்கு, விளம்பரம் அடிப்போம் என்று ஆரம்பித்து, விளம்பரத்தோடு படம், படத்துக்கு வரிசை, 50 சேர்த்தால் ஒரு செட் என்று போய்விட்டது. அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்து ஆலன் அண்ட் கிண்டர் கம்பெனி 1887-ல் போட்ட "உலக சாம்பியன்கள்" தொடரில் பேஸ்பால், குத்துச்சண்டை, துப்பாக்கி சுடுதல் எல்லாம் சேர்த்து 50.

இதற்குப் பின்னால் ஒரு இயந்திரமும் இருக்கிறது. 1880-களில் பான்சாக் என்பவர் செய்த சிகரெட் உருட்டும் இயந்திரம் பத்து மணி நேரத்தில் சுமார் 1,20,000 சிகரெட் உருட்டியது. கையால் உருட்டியவர்கள் நிமிடத்துக்கு நாலைந்துதான். அவ்வளவு சிகரெட்டையும் யார் தலையில் கட்டுவது? அதற்குத்தான் இந்தப் படமெல்லாம்.

மவுண்ட்ரோடு மணி | ஞாயிறு, மதியம் 1:15

ரஞ்சி அட்டையை 500 ரூபாய்க்குத் தருவீர்களா? இன்றைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

லென்ஸ்தாத்தா | ஞாயிறு, மதியம் 1:22

மணி, வந்த வேகத்தில் பேரமா? அது அசலா என்றே இன்னும் பார்க்கவில்லை. ராயபுரம், யாருக்கும் இப்போது எதையும் விற்காதீர்கள்.

கல்லச்சு | ஞாயிறு, மாலை 4:48

நான் சிவகாசிக்காரன், இப்போது அம்பத்தூர். அப்பா அங்கே லித்தோ அச்சகத்தில் ஆர்ட்டிஸ்ட். அச்சு பற்றி மட்டும் பேசுகிறேன், விலை எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்துப் பட அட்டைகள் பெரும்பாலும் கல் அச்சு, அதாவது லித்தோ. ஜெர்மனியில் பவேரியாப் பக்கம் கிடைக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசை மையால் வரைவார்கள். கல்லை நனைத்தால் வரைந்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது, வரையாத இடத்தில் மை ஒட்டாது. அவ்வளவுதான் சூட்சுமம். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். எட்டு, பத்து வண்ணம் என்றால் அத்தனை கல், ஒரே தாள் அத்தனை முறையும் அச்சுக்குள் போய் வரவேண்டும், அதுவும் இம்மி பிசகாமல்.

முகத்தில் நிழல் வேண்டுமென்றால் ஆர்ட்டிஸ்ட் கையால் புள்ளி வைப்பார். அப்பா சொல்வார், "கோலப்புள்ளியை வரிசையா வைக்கணும், கல்லுப்புள்ளியை வரிசையில்லாம வைக்கணும், வரிசை வந்தா முகம் பொம்மை ஆயிடும்" என்று. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக, கலைந்து, சதைக்கு ஒரு நிறம், நிழலுக்கு இன்னொரு நிறம் என்று தனித்தனியாகத் தெரிந்தால் கல் அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நாலே நிறத்தில் புள்ளிகள் சீராக, குட்டிக் குட்டிப் பூப்போலச் சுழித்து நின்றால் அது இந்தக் காலத்து ஆஃப்செட். லென்ஸுக்கு நகைக்கடைக்காரர்கள் கண்ணில் மாட்டும் கண்ணாடி போதும், சௌகார்பேட்டையில் கிடைக்கும்.

தீப்பெட்டி72 | ஞாயிறு, மாலை 5:20

கல்லச்சு சொன்னதும் நினைவு வருகிறது. உங்கள் ஊர் லித்தோ வளர்ந்ததே தீப்பெட்டி லேபிளை நம்பித்தானே? 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். பெட்டி செய்தால் லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும்.

ராயபுரத்திலிருந்து வடக்கே கொஞ்சம் போனால் திருவொற்றியூர். விம்கோ நகர் என்று மெட்ரோ நிலையத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அது ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர். அதே திருவொற்றியூரில்தான் ஐ.டி.சி.யின் பெட்டி அச்சிடும் ஆலையும். சிகரெட்டுக்கு உடுப்பும் நெருப்பும் வடசென்னையின் ஒரே பேட்டையிலிருந்து போயிருக்கிறது. நாம் என்னவோ பழைய அட்டைக்கு இங்கிலாந்துப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடையாறு ஆலமரம் | ஞாயிறு, இரவு 8:03

தவறாக நினைக்க வேண்டாம். என் அப்பா தொண்டைப் புற்றுநோயில் போனார். கடைசி மூன்று மாதம் பேச முடியாமல் ஸ்லேட்டில் எழுதிக் காட்டினார். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட். இந்த இழையைப் படிக்கப் படிக்க, இவ்வளவு ரசித்துப் பேச இதில் என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது. சிப்பாய், கிரிக்கெட், நடிகை என்று படம் போட்டு யாரைப் பிடிக்கப் பார்த்தார்கள் என்பதும் தெரிகிறது. பெரியவர்களையா?

மவுண்ட்ரோடு மணி | ஞாயிறு, இரவு 8:10

மேடம், யாரும் இங்கே சிகரெட் விற்கவில்லை. அதுதான் சட்டம் வந்து விளம்பரத்தையே நிறுத்திவிட்டார்களே.

லென்ஸ்தாத்தா | ஞாயிறு, இரவு 9:36

மணி, கொஞ்சம் சும்மா இரும்.

அம்மா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நேராகவே சொல்கிறேன்: பெரியவர்களை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் கடை வாசலில் பையன்கள் நின்றுகொண்டு, பாக்கெட் வாங்கி வருகிறவர்களிடம் "அட்டை இருந்தால் கொடுங்கள் ஐயா" என்று கேட்பது சகஜமாக இருந்தது. வீட்டில் அப்பா எந்த பிராண்டு வாங்க வேண்டும் என்பதை மகனின் செட்டில் குறையும் அட்டை தீர்மானித்தது. கம்பெனிக்கு இது தெரியாமல் நடக்கவில்லை.

மேலே சொன்ன வாக்னர் அட்டைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1909-லிருந்து 1911 வரை வந்த தொடர் அது. தன் படத்தைப் போட அவர் மறுத்துவிட்டதால் சீக்கிரமே நிறுத்தினார்கள், அதனால்தான் அரிது. சிறுவர்கள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்கக்கூடாது என்று நினைத்தார் என்பது ஒரு பேச்சு. காசு கொடுக்காததால் மறுத்தார் என்பது இன்னொரு பேச்சு. எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது, அது உண்மை என்பதற்கு அது போதாது.

நான் 35 வருடமாகச் சேர்க்கிறேன். ஒரு சிகரெட் பிடித்ததில்லை. பிடிக்காதவன் சேர்ப்பதால் பாவம் குறையும் என்றும் சொல்லவில்லை. இந்த அட்டைகள் எப்படி வேலை செய்தன என்று பார்க்க வேண்டுமானால், அட்டை இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் நியாயம்.

அடையாறு ஆலமரம் | ஞாயிறு, இரவு 10:02

சரி ஐயா. பதில் சொன்னதற்கு நன்றி. படிக்கிறேன், ஆனால் படத்தை ரசிக்க என்னைக் கேட்காதீர்கள்.

ராயபுரம்வாசி | திங்கள், இரவு 7:55

மன்னிக்கவும், அலுவலகம். மதிய இடைவேளையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கள்ளநோட்டு பார்க்கிற நீல விளக்கு ஒன்று வாங்கினேன். கல்லச்சு அண்ணன் சொன்ன லென்ஸ் பக்கத்து நகைக்கடைக்காரரிடம் இரவல்.

ஆலமரம் அம்மா, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாத்தா சிகரெட் பிடித்ததே இல்லை. பொடிதான், மட்டையில் கட்டி வரும் பட்டணம் பொடி. தும்மினால் தெரு திரும்பிப் பார்க்கும். இந்த அட்டைகளை அவர் எப்படிச் சேர்த்தார் என்று என் அம்மாவைக் கேட்டேன். சின்ன வயதில் துறைமுகத்துக்கு அவர் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது, கப்பலிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வீசியதைப் பொறுக்குவாராம். லென்ஸ் ஐயா சொன்ன அந்தச் சிறுவன் என் தாத்தாதான்.

இப்போது பின்பக்கம், 43-ம் போட்டுவிட்டேன்.

சிப்பாய்கள் 31: பின்னால் "சிசர்ஸ்" சிகரெட் பெயர், வில்ஸ் பெயர். லென்ஸ் ஐயா சொன்ன "கிளை" வரி எதிலும் இல்லை. நீல விளக்கில் மங்கலாகவே இருக்கின்றன. லென்ஸில் புள்ளிகள் கலைந்து கிடக்கின்றன.

கிரிக்கெட் 8: நீல விளக்கில் வேட்டி விளம்பரம் மாதிரி பளீரென்று மின்னுகின்றன. லென்ஸில் பூப்பூவாகப் புள்ளி. அழ வேண்டுமா?

பெண்கள் 4: பின்பக்கம் முழுக்கப் பிய்ந்து பழுப்புக் காகிதமும் கோந்தும்.

லென்ஸ்தாத்தா | திங்கள், இரவு 9:14

அழ வேண்டாம், ஆனால் ரஞ்சி போய்விட்டார்.

சுமார் 1950 வாக்கில்தான் காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ரசாயனம் பரவலாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அது உங்கள் நீல விளக்கின் புற ஊதா ஒளியில் நீலவெள்ளையாக மின்னும். 1890-களின் கிரிக்கெட் அட்டை அப்படி மின்னினால் அது மறு அச்சு. தலைகீழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: மின்னாததெல்லாம் பழசு என்று அர்த்தமில்லை, மின்னாத புதுக் காகிதமும் உண்டு. வில்ஸ் முதன்முதலில் கிரிக்கெட் வீரர்களைப் போட்டது 1896-ல், 50 அட்டை. பெயர் பெற்ற தொடர் என்பதால் பின்னாளில் மறு அச்சும் வந்தது. ஏமாற்ற இல்லை, நினைவுப்பொருளாக விற்க. கைக்குக் கை மாறும்போதுதான் அது "அசல்" ஆகிவிடுகிறது. தாத்தா டப்பாவுக்குள் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

சிப்பாய்கள் நல்ல சரக்கு. சிசர்ஸ் பெயரில் இந்தியாவுக்கென்றே வந்த "இந்தியன் ரெஜிமெண்ட்ஸ்" தொடர், 1912, மொத்தம் 50. உங்கள் தாத்தாவுக்கு அப்போது எட்டு வயது. கணக்கு உதைக்கவில்லை.

நான்கு பெண்கள் யார் என்று நான் சொல்லமாட்டேன். பின்பக்கம் இல்லாத அட்டை, பத்திரம் இல்லாத வீடு.

வடசென்னைவாசகி | திங்கள், இரவு 9:40

சிசர்ஸ்! எங்கள் தெருவில் "கத்தரி மார்க்" என்றுதான் கேட்டு வாங்குவார்கள். "யானை மார்க்" ஒன்றும் இருந்தது. ஆங்கிலம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் படத்தைச் சொன்னால் கடைக்காரர் எடுத்துத் தருவார். கம்பெனிக்காரன் வைத்த பெயரைவிட படம்தான் இங்கே பெயர்.

ராயபுரம்வாசி | செவ்வாய், காலை 8:30

மர்மம் தீர்ந்தது. சித்தப்பாவுக்கு போன் செய்தேன். 1998-ல் லண்டன் போனபோது அருங்காட்சியகக் கடையில் வாங்கிய கிரிக்கெட் அட்டைகளாம். "பழைய அட்டைகளோடு இருக்கட்டும் என்று நான்தான் போட்டேன், நாலரை பவுண்டு" என்று பெருமையாகச் சொன்னார். மணி சார் இன்னும் 500 ரூபாய் தருவதாக இருந்தால் எனக்குச் சம்மதம்.

மவுண்ட்ரோடு மணி | செவ்வாய், காலை 8:41

🙏

தீப்பெட்டி72 | செவ்வாய், காலை 9:05

மணி இவ்வளவு சுருக்கமாகப் பேசி இன்றுதான் பார்க்கிறேன்.

குஜிலிப்பித்தன் | செவ்வாய், மதியம் 2:18

தாமதமாக வந்தேன். எங்கே கிடைக்கும் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டதால் இங்கேயே சொல்கிறேன்.

மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. அதோடு போன பழைய காகிதம் எவ்வளவு என்று கணக்கில்லை. இப்போது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைதான் கதி. விடியற்காலையில் போங்கள், ஒன்பது மணிக்கு மேல் வெயிலும் வியாபாரிகளும் தாங்க முடியாது. "சிகரெட் கார்டு" என்று கேட்டால் சீட்டுக்கட்டை எடுத்து நீட்டுவார்கள். பழைய ஆல்பம், கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகைக் கட்டு எதையாவது பார்த்தால் புரட்டுங்கள், அதன் நடுவில்தான் இருக்கும். செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படும்போது வரும் காகிதங்களிலும் பர்மா, சிங்கப்பூர்ச் சரக்கு வரும். நாணயக் கண்காட்சிகளில் கேட்டுப் பயனில்லை. அங்கே காகிதம் என்றால் நோட்டுதான்.

விலை பற்றி: 1930-களின் சாதாரண வில்ஸ், பிளேயர் செட்டுகள் கோடிக்கணக்கில் அச்சானவை. இங்கிலாந்தில் இன்றும் மலிவு. 1940-ல் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் அட்டை போடுவதே நின்றது, அதற்குள் ஊர் முழுக்க நிரம்பிவிட்டது. பழசு என்பதால் மட்டும் விலை வராது. வெளியிடாமல் நிறுத்திய தொடர்களுக்குத்தான் மவுசு. வாட்டர்லூ போரின் நூற்றாண்டுக்கு வில்ஸ் ஒரு தொடர் அடித்து வைத்தார்கள். 1915-ல் பிரான்ஸ் கூட்டாளி நாடு, நெப்போலியன் தோற்றதை எப்படிக் கொண்டாடுவது? அடித்தது அப்படியே கிடந்தது. எட்டாம் எட்வர்டு 1936-ல் முடியைத் துறந்தபோது அவர் வாழ்க்கைத் தொடருக்கும் அதே கதி.

இன்னொன்று: 1912 அட்டை நூறு வருடம் தாண்டியது. வெளிநாட்டு ஆளுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், 1972 தொல்பொருள் சட்டம் இதற்குப் பொருந்துமா என்று புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள தொல்லியல் துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

நூலகப்பூனை | செவ்வாய், இரவு 10:47

பாதுகாப்பது பற்றி யாரும் சொல்லவில்லை, என் கதையைச் சொல்கிறேன், சிரிக்கக்கூடாது.

முதன்முதலில் எனக்குக் கிடைத்தது ஆறு அட்டைகள். கல்லூரிக் காலம். பத்திரமாக இருக்கட்டும் என்று ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்தேன். ஆறையும் ஒரே தாளில், ரேஷன் கார்டு மாதிரி. இரண்டு வருடம் கழித்து ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கையில் வாங்காமலே "ஐயோ" என்றார். சூட்டில் பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிரிக்கவே முடியாது. அந்தத் தாள் இன்னும் என் மேசை மேல், எனக்கே எச்சரிக்கையாக.

சென்னையில் எதிரிகள் இரண்டு, ஈரமும் ராமபாணப் பூச்சியும். ஐப்பசி மழையில் இரும்பு டப்பாவுக்குள் வியர்க்கும், உங்கள் அட்டைகள் பிழைத்தது பரணின் புண்ணியம். நாணய ஆல்பத்தின் வழவழப்பான பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது நாளடைவில் கசிந்து படத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். கூடவே சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பாட்டிகள் ஏட்டுக்கட்டோடு வைக்கும் வசம்பை அலமாரியில் வைக்கலாம், அட்டையில் படாமல். செலோடேப், ஃபெவிகால், தண்ணீர் மூன்றும் கிட்டவே வரக்கூடாது. அந்த நான்கு பெண்களின் பின்னால் உள்ள கோந்தை ஊறவைத்து எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

இதில் ஒரு பெரியவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜெஃபர்சன் பர்டிக் என்ற அமெரிக்கர். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப் போனவர். மூன்று லட்சத்துக்கும் அதிகமான அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, தானே அங்கே உட்கார்ந்து வருடக்கணக்கில் ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, மார்ச்சில் இறந்தார். அட்டைத் தொடர்களுக்கு எழுத்தும் எண்ணும் வைத்ததும் அவர்தான். வாக்னர் அட்டை வந்த தொடரை "டி206" என்று இன்றும் சொல்வது அவர் வைத்த பெயர்.

நம்மூரிலும் இப்படி ஒருவர் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் புத்தகங்களோடு சேர்த்தார். அவர் சேகரிப்பு இப்போது தரமணியில் நூலகமாக இருக்கிறது. சிகரெட் அட்டை சேர்ப்பவர்கள் ஒருமுறை அங்கே போய்ப் பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் பாருங்கள். நம் ஊருக்கு என்ன சொல்லி விற்றார்கள் என்பது அட்டையைவிட அங்கே தெளிவாகத் தெரியும்.

ராயபுரம்வாசி | புதன், இரவு 9:20

உறை வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றாகப் போடும்போது ஒன்று கவனித்தேன். சிப்பாய் அட்டை ஒன்றின் பின்னால் பென்சிலில் மங்கலாகத் தமிழ் எழுத்து. படத்தில் சரியாக விழவில்லை, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது:

"கிருஷ்ணாயில் 0-2-6
சீயக்காய் 0-1-0
பாக்கி கடை 0-4-0"

ரூபாய், அணா, பை கணக்கு. தாத்தா கையெழுத்தா அவர் அப்பாவுடையதா தெரியவில்லை. அம்மா "கி" போட்டிருப்பதைப் பார்த்துத் தாத்தாதான் என்கிறார். மற்றபடி அந்த அட்டை மூலை மழுங்காமல் நல்ல நிலையில் இருக்கிறது. பென்சில்தானே, நல்ல ரப்பரால் லேசாகத் தேய்த்தால் போய்விடுமா? மைத்துனர் தேய்க்கச் சொல்கிறார்.

லென்ஸ்தாத்தா | புதன், இரவு 9:24

ரப்பரைக் கீழே வையுங்கள்.

கல்லச்சு | புதன், இரவு 9:25

தொடாதீர்கள்!

அடையாறு ஆலமரம் | புதன், இரவு 9:31

இந்த ஒரு அட்டை எனக்குப் பிடித்திருக்கிறது.

லென்ஸ்தாத்தா | புதன், இரவு 9:50

அவசரத்தில் கத்திவிட்டேன். சந்தை விதிப்படி பென்சில் எழுத்து இருந்தால் விலை குறையும், மைத்துனர் அந்த மட்டில் சரி. தேய்த்தால் காகிதத்தின் மேல்பரப்பு போகும், விலை இன்னும் குறையும், அதனால் அந்த மட்டில் தவறு. அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

ராயபுரம்வாசி | வியாழன், காலை 7:48

தேய்க்கவில்லை. அந்த அட்டையை உறையில் முன்பக்கம் உள்ளே போகும்படி திருப்பிப் போட்டுவிட்டேன். இப்போது ஆல்பத்தைத் திறந்தால் சீயக்காய்தான் தெரிகிறது.

31-ல் எண்ணிப் பார்த்தேன், மூன்று படங்கள் இரட்டையாக இருக்கின்றன. ஆக 28 வேறு வேறு படம், செட்டுக்கு இன்னும் 22 வேண்டும். இரட்டை மூன்றையும் மாற்றிக்கொள்ளத் தயார்.

குஜிலிப்பித்தன் | வியாழன், காலை 8:15

என்னிடம் சிசர்ஸ் சிப்பாய் ஒன்பது இருக்கிறது, அதில் நாலு உங்கள் படத்தில் இல்லாதவை. நாளை பல்லாவரம் வருகிறீர்களா? காலை ஆறரை, சந்தை முனையில் இருக்கும் டீக்கடை. நீல விளக்கையும் கொண்டு வாருங்கள், என்னுடையவற்றையும் பார்த்துவிடலாம். மழை பிடித்தால் அடுத்த வெள்ளி.